தோளில் எரிந்த வெளிச்சம்

காந்தி மார்க்கெட்டில் பிச்சைமுத்துவைத் தெரியாதவர் கிடையாது. ஐம்பது வயது தாண்டியும் வெங்காய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு லாரிக்கும் கடைக்கும் நடக்கிற மனிதர். மலக்குடலில் புற்றுநோய் என்று டாக்டர் ப்ரீத்தி சொன்னபோதும், "மூட்டை தூக்கலாங்களா?" என்றுதான் முதலில் கேட்டார். பக்கத்திலிருந்த மனைவி பவுனம்மாளுக்கு அவர் தலையில் ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது.

நோய் பரவியிருக்கிறதா என்று தெரிய பெட் ஸ்கேன் எடுக்க வேண்டும். பரவாதிருந்தால் ஆபரேஷன் செய்து காப்பாற்றலாம். பரவியிருந்தால் பேச்சே வேறு. ஊசியில் ஒரு வகைச் சர்க்கரையை ஏற்றுவார்கள், நோய்க்கட்டி போல அதை அதிகம் இழுக்கும் இடம் படத்தில் பிரகாசிக்கும். வெறும் வயிற்றோடு வரணும், முந்தின நாள் ஜிம், ஓட்டம், உடற்பயிற்சி எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறியது முதல் பவுனம்மாள் அவரை ஒரு டீக்கடைப் பக்கம்கூட அண்ட விடவில்லை.

ஸ்கேன் முடிந்து டாக்டர் கூப்பிட்டார். திரையில் இரண்டு தோளும், பிடரியும், முதுகும் தணலாய்த் தெரிந்தன. பவுனம்மாள் திரையருகே குனிந்தாள். அடப்பாவி தெய்வமே, உடம்பு பூராவுமா? டாக்டர் படத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நேத்து என்ன பண்ணீங்க?"

"சும்மாதாங்க இருந்தேன்."

"உண்மையைச் சொல்லுங்க."

பிச்சைமுத்து தலையைக் குனிந்தார். "சாயங்காலம் ஒரு லாரி வெங்காயம் வந்துச்சுங்க. ஜிம்முக்கெல்லாம் போகலைங்க. ஆபரேஷன் பண்ணிட்டா தூக்க விடமாட்டீங்கன்னு தெரியும். கடைசியா ஒருதடவைன்னு…"

"அப்ப தோள்ல தெரியறது மூட்டை தூக்கினதுதானா? நோய் பரவலையா டாக்டரம்மா?" என்றாள் பவுனம்மாள்.

"தெரியலம்மா. வேலை செஞ்ச தசை சர்க்கரையை இழுத்துக்கிச்சு. இதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. மறுபடி எடுக்கணும்."

மறுபடி எடுக்கும் வரை பவுனம்மாள் அவரைத் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தொட விடவில்லை. சோறு இறங்கவில்லை அவளுக்கு. கோபமும் பயமும் மாறி மாறி வந்தன.

இரண்டாவது படத்தில் தோள்கள் இருண்டிருந்தன. கட்டி இருந்த இடத்தில் மட்டும் மங்கலாய் ஓர் ஒளி.

"மங்கலா இருக்கே, நல்லதுதானங்க?" என்றாள்.

"அப்படி நம்பிட முடியாதும்மா. இவருக்கு வந்திருக்கிறது சளி மாதிரி சுரக்கிற வகை. மத்த வகை பளிச்சுன்னு தெரியும், இது சர்க்கரையை அவ்வளவா இழுக்காது. அதனால எம்.ஆர்.ஐ.யும் சேர்த்துத்தான் பார்த்தேன். பரவின அடையாளம் எதுவும் இல்ல. ஆபரேஷன் பண்ணலாம். அப்புறம் மலம் போறதுக்கு வயித்துல பை வச்சிருக்கணும்."

பவுனம்மாள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

"மூட்டை?" என்றார் பிச்சைமுத்து.

"இனிமே வேண்டாங்க ஐயா."

பிச்சைமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டார். "தோள் ரெண்டும் எரியிற மாதிரி இருந்துச்சே, அந்த மொதப் படம்… அதை எனக்குக் குடுப்பீங்களா?"

டாக்டர் பவுனம்மாளைத் திரும்பிப் பார்த்தார்.

"குடுங்கம்மா," என்றாள் பவுனம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "உங்களுக்குத்தான் அது ஒண்ணுக்கும் ஆகாத படமாச்சே."