ஷரீஃபுன்னிசாவைக் கேட்காமல் எடுத்த படம்

தாராவியில் பூதத்தானின் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டு உடனே போய்விடுவார்கள். பெரிய படம் ஒன்று எடுத்துப் பெயர் வாங்கவேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்குத் தீரவே இல்லை.

பக்கத்துச் சந்தில் தையல் வேலை செய்யும் ஷரீஃபுன்னிசா ஆஸ்பத்திரி அட்டைக்குப் படம் எடுக்க வந்தாள். புற்றுநோய் சிகிச்சையில் முடி கொட்டியிருந்தது. பூதத்தான் உள்ளே போய்க் கேமராவோடு திரும்பியபோது, முக்காட்டை அவிழ்த்துவிட்டுக் கண்ணாடி முன் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் விரல் அழுத்திவிட்டது. சத்தம் கேட்டு அவள் பதறி மூடிக்கொண்டாள்.

"லைட்டு டெஸ்ட்டும்மா," என்றார்.

அழித்திருக்கலாம். அவர் அதை அகில இந்திய முகப்படப் போட்டிக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது. மும்பையிலேயே நடந்த போட்டிக் கண்காட்சியில் படம் ஆளுயரத்துக்குத் தொங்கியது. பூதத்தான் தெருவெல்லாம் பேடா கொடுத்தார், அவள் வீட்டை மட்டும் விட்டுவிட்டு.

மறுநாள் அவள் மகள் அஃப்ஷா செல்போனை நீட்டியபடி கடைக்குள் வந்தாள்.

"அங்கிள், காலேஜ் க்ரூப்ல எல்லாரும் பாத்துட்டாங்க. உம்மா வீட்டுலகூட முக்காடு எடுக்கறதில்ல. நீங்க கேட்டீங்களா?"

"பேரு போடலையே பாப்பா," என்றார். சொன்ன வாய் அவருக்கே கூசியது.

அவள் போனதும் கடையைப் பூட்டிவிட்டுக் கண்காட்சிக்கு ஓடினார். படத்தை இறக்கச் சொன்னார். பொறுப்பாளர் இந்தியில் கேட்டார்: "அந்த அம்மா சம்மதிச்சாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். "பொய் சொன்னேன்," என்றார் பூதத்தான். பரிசையும் அங்கேயே வைத்துவிட்டு வந்தார்.

ஷரீஃபுன்னிசா மிஷினை நிறுத்தவில்லை. பூதத்தான் அவள் வாசலிலேயே நின்றார்.

"படத்த எறக்கிட்டேம்மா."

"பாத்தவங்க கண்ணுலருந்து எப்படி அண்ணாச்சி எறக்குவிய?" துணியைத் திருப்பிப் போட்டாள். "கேட்டிருந்தா சரின்னுகூடச் சொல்லியிருப்பேன். கேக்கலையே நீங்க."

 பூதத்தான் திரும்பி நடந்தார்.

பிறகும் சிலர் பரிசுக்காக வாழ்த்தினார்கள். "அது திருட்டுப் படம்" என்பார். தன்னடக்கம் என்று சிரித்தார்கள். ஷரீஃபுன்னிசா குணமாகி, புது அட்டைக்குப் படம் எடுக்கச் சுனாபட்டியில் இருக்கும் வேறொரு ஸ்டுடியோவரை போய்வந்தாள். அவள் ஸ்டுடியோவைத் தாண்டிப் போனதைப் பூதத்தான் உள்ளிருந்து பார்த்தார்.