அக்கா படித்த ஐரோப்பா

போன ஞாயிற்றுக்கிழமை செபராங் ஜெயாவுக்குப் போனேன். கமலா அக்கா வீட்டுக்கு. இரண்டு வருஷம் கழித்து!

நான் இருக்கும் ஜார்ஜ்டவுனிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரம்தான். அப்புறம் ஏன் இரண்டு வருஷம்? வேறென்ன... அரசியல்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களுக்குத் தெரியும், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போன தேர்தல் சமயத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அக்கா ஒரு கட்சியை ஆதரித்து எழுதினார். நான் வேறு கட்சி. பேச்சு முற்றியது. கடைசியில் ஒரு வரி தட்டிவிட்டேன் – 'உங்களுக்கு அரசியல் என்ன தெரியும்?'

அக்கா குரூப்பை விட்டு வெளியேறினார். போன் செய்தால் எடுக்கவில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் கூப்பிடவில்லை. ரோஷம்!

பதினேழு வயதில் படிப்பை நிறுத்திவிட்டு ஃபேக்டரிக்குப் போனவர் அக்கா. ஷிஃப்ட் ஷிஃப்டாக வேலை பார்த்து என்னைப் படிக்க வைத்தவர். அவரைப் பார்த்து நான் கேட்ட கேள்வி அது.

நெதர்லாந்தில் வேலை செய்யும் அவர் மகள் தர்ஷினி லீவில் வந்திருக்கிறாள். அவள்தான் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அக்கா 'வா' என்றார். அதோடு சரி.

மேசையில் மூன்று பேர். பேச்சே இல்லை. தர்ஷினி பாவம், அந்த ஊர்க் கதையை ஆரம்பித்தாள். அங்கே பார்லிமெண்டில் பத்துக்கு மேல் கட்சிகளாம். யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காதாம். தேர்தல் முடிந்து மாதக்கணக்கில் பேசித்தான் அரசாங்கமே அமையுமாம்.

நான் சும்மா இருப்பேனா? நம்முடையது பிரிட்டன் முறை, தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயிப்பார், அதுதான் சுலபம் என்றேன்.

அக்கா தலை நிமிரவில்லை.

"சுலபந்தான். தோத்தவங்களுக்கு விழுந்த ஓட்டெல்லாம் எங்க போகுது? ஜெர்மனில ஆளுக்கு ரெண்டு ஓட்டு. ஒண்ணு தொகுதிக்கு, ஒண்ணு கட்சிக்கு. கட்சிக்கு விழுந்த ஓட்டுக்கு ஏத்த மாதிரிதான் சீட்டு. சுவிட்சர்லாந்துல பெரிய கட்சிங்க எல்லாம் ஒண்ணாவே கவர்மெண்ட்ல உக்காருதுலா."

நான் தர்ஷினியைப் பார்த்தேன்.

தர்ஷினி மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அந்த மெசேஜுக்குப் பிறகு அம்மா வாரம் ஒரு நாடாகக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார். போனில் அவள் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்கிறார்.

நோட்டைக் கேட்டேன். அக்கா தயங்கித்தான் கொடுத்தார். டென்மார்க் பக்கத்தில் தமிழில் எழுதியிருந்தது: 'பெரும்பான்மை இல்லாமலே ஆட்சி நடக்கும். வெளியிலிருந்து மற்ற கட்சி ஆதரவு. அதனால் எப்போதும் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.'

அதற்கு மேல் எழுத்து தெரியவில்லை. கண் கலங்கிவிட்டது.

"தப்பு என் மேலதான்க்கா. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."

அக்கா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

"நீ வேற கட்சிக்குப் போட்டது எனக்கு வலிக்கல, தம்பி. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சியே... அதான்."

கட்சி இரண்டோ, பத்தோ – எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் விஷயம் தெரியும் என்று நினைக்காவிட்டால், எந்த நாட்டு முறையை எடுத்து வந்து என்ன பயன்?

புறப்படும்போது அக்கா கேட் வரை வந்தார்.

"அடுத்த தேர்தல்லயும் உன் கட்சிக்குப் போட மாட்டேன். ஓட்டுப் போட்டுட்டு நேரா இங்க சாப்பிட வந்துடு."

வருகிறேன் என்றேன். மீன் குழம்பு மட்டும் கண்டிப்பாக வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை வைத்தேன்.