கரித்துணியில் இருந்த விரல்

ஓர் ஆடி மாதத்தில் என் மனைவியின் தலையில் ஏற்றப்பட்ட அழுக்கு என்னுடையது. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கல்யாணமாகி மூன்று மாதம். இண்டர்மீடியட் தேறி, திருச்செங்கோட்டில் பிள்ளைகளுக்குக் கணக்கும் நல்லொழுக்கமும் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராக இருந்தேன். நல்லொழுக்கம் எந்த வாத்தியாருக்கும் ஒரு பாடம்தான், பழக்கமல்ல என்று இப்போது தோன்றுகிறது.

எங்களுடையது தறிக்காரர் வீடு. தறியில் ஏற்றிய பாவு நூல் தீரும்போது கடைசியில் ஒரு முழம் மிஞ்சும். விற்க முடியாத அந்த முழத்தையும் அப்பா விடாமல் நெய்து, அறுத்துச் சமையலறைக்குக் கொடுத்துவிடுவார். சிவப்பு இழை ஓடிய துணி சோறு வடிக்க. நீல இழை பாத்திரம் துடைக்க. நிற இழையே இல்லாதது அடுப்பிலிருந்து சட்டியை இறக்க. அதற்குக் கரித்துணி என்று பெயர். பெயர்தான் கரித்துணி. அதில் கரி இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

தினமும் சாயங்காலம் மூன்றும் சாம்பல் தண்ணீரில் கொதிக்கும். கரித்துணிக்கு மட்டும் தனிச் சட்டி. பிறகு கல்லில் அடிவாங்கி, பின்கட்டுக் கொடியில் காயும். விடிந்ததும் அம்மா ஒவ்வொன்றாக வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார், மோந்தும் பார்ப்பார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வரும் இன்ஸ்பெக்டர்கூட எங்களை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த மருமகளுக்கு முதல் வேலை இந்தத் துணிகள். அவை ஒரு வாரம் சேர்ந்தாற்போல வெள்ளையாகக் காய்ந்தால்தான் ஆடிக்கு அவளுக்குத் தாய்வீட்டுப் பயணம்.

என் மனைவிக்கு ஊர் ஜேடர்பாளையம். ஆடி பிறந்த அன்றே தகரப் பெட்டியைக் கட்டி வைத்துவிட்டாள். பதினெட்டாம் பெருக்குக்குக் காவிரியில் இறங்குவது பற்றியே பேச்சு. எந்தப் படித்துறை, எந்தச் சேலை, தங்கைக்கு எவ்வளவு தேங்காய், தனக்கு எவ்வளவு.

"என்னெ உட்டுட்டு இருந்துக்குவியா?" என்று கேட்டேன்.

"உங்களுக்கென்னங்க? நீங்கதான் பள்ளிக்கூடம் போயிருவீங்கல்ல!" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் தேங்காய்க்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல உள்ளங்கையில் அடுப்புக்கரியை வைத்துக்கொண்டு, பல் விளக்கியபடி பின்கட்டுக்குப் போனேன். கொடியில் மூன்று துணிகளும் பால் போல ஆடிக்கொண்டிருந்தன. கரி தோய்ந்த விரலை நீல இழைத் துணியில் ஒரே ஒரு தடவை வைத்து எடுத்தேன். அவ்வளவுதான். சிரிப்பு வந்தது. கிணற்றடியில் வாய் கொப்புளிக்கும்போது புரையேறிவிட்டது.

அம்மா வந்தார்.

"ஏம்மிணி, அடுப்புல கைய உட்டுட்டு அப்படியே வந்து தொட்டியா?"

"இல்லீங்கத்தை. சீவக்கா போட்டுக் கைகழுவிட்டுத்தானுங்க காயப்போட்டேன்."

"அப்ப இது ஆரு வெரலு? காக்காய்க்கு வெரலு இருக்குதா?"

தறிக்குழியிலிருந்து அப்பா குரல் கொடுத்தார். "அது நூலு சரியில்லெ. சொத்தை நூலு. நான் அப்பவே சொன்னேன்."

"நீங்க தறியப் பாருங்க!"

நானும் கருத்த வாயோடு என் பங்குக்கு, "கெணத்துத் தண்ணி உப்பாயிருச்சோ என்னமோ" என்றேன். படித்தவன் சொன்னால் மறுபேச்சு உண்டா? மறுநாள் முதல் துணி துவைக்க ஊர்க்கோடிக் கிணற்றிலிருந்து தண்ணீர் வந்தது. சுமந்தவள் என் மனைவி.

அந்தத் தண்ணீருக்கும் கறை போகவில்லை. எப்படிப் போகும்? ஒரு நாள் நீல இழை, ஒரு நாள் சிவப்பு இழை, நடுவில் இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் நம்பிக்கை கொடுத்துவிட்டு மூன்றாம் நாள் கரித்துணி. அம்மா காக்கைக்குப் பயங்காட்ட அப்பாவின் பழைய சட்டையை ஒரு குச்சியில் மாட்டி நட்டார். காக்கை அதன் மேலேயே வந்து உட்கார்ந்தது. என் மனைவி காலையிலும் ஒரு தடவை துவைக்கத் தொடங்கினாள். அவள் விரல் நுனிகள் சாம்பல் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கின. நான் அவற்றைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னேன். அந்த ஆறுதலை நினைத்தால்தான் இன்றைக்கும் கூசுகிறது.

ஆடி பதினேழாம் தேதி என் மாமனார் வண்டி பூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மகள் உட்காரப் புது வைக்கோல் பரப்பி, மேலே பவானி ஜமுக்காளம் விரித்திருந்தார். அன்று காலையும் நான் விரலை வைத்திருந்தேன்.

அம்மா அவருக்கு மோர் கொடுத்தார். பிறகு துணியைக் கொண்டுவந்து காட்டினார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணா. வெளுத்ததும் அனுப்பி வெக்கறேன். இந்த ஊட்டுக்கு வந்த எல்லாருக்கும் இதேதானுங்க."

மாமனாரும் தறிக்காரர். துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார். "எங்கூட்டுல சரியாச் சொல்லிக் குடுக்கலெ போலிருக்குதுங்க. தப்பு எங்க மேலதான்" என்று சொல்லி, துணியை நான்காக மடித்து அம்மாவிடம் கொடுத்தார். போகும்போது ஜமுக்காளத்தைச் சுருட்டிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியை ஓட்டினார். என் மனைவி கதவுக்குப் பின்னால் பெட்டியோடு நின்றிருந்தாள்.

நான் அன்று சாயங்காலம் பக்கோடா வாங்கி வந்தேன். மனசுக்குள் மேளம் கொட்டிக்கொண்டிருந்தது.

பெருக்கு கழிந்த மறுநாள், "இவளுக்குச் சொல்லி மாளாது, நானே தொவைச்சுக் காட்டறேன்" என்று அம்மா சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினாராம். நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். யாரும் என்னிடம் சொல்லவில்லை. விடிந்ததும் கரியும் கையுமாகப் போய், கடமை தவறாமல் மூன்று துணியிலும் முத்திரை வைத்தேன்.

அம்மா வந்தார். முதல் துணியைப் பிடித்தார். இரண்டாவது, மூன்றாவது. தன் வலது கையை விரித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தார். குச்சியின் மேல் இருந்த காக்கையைப் பார்த்தார். பிறகு மூன்றையும் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பாலாட்டம் இருக்குது! அம்மிணி, பொட்டிய எடு. சாமி, நாளைக்கு நீயே கூட்டிட்டுப் போயி உட்டுட்டு வந்துரு."

கறையைப் பார்த்துவிட்ட என் மனைவி சமையலறைக்குள் ஓடினாள். போய்ப் பார்த்தால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். "ஏனுங்க, அத்தை கையிலயும் காக்கா உக்காந்துருச்சுங்க!" எனக்கும் சிரிப்பு பொங்கிவிட்டது. இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவளுக்குச் சிரிக்க உரிமை இருந்தது.

ஜேடர்பாளையம் போய்ச் சேர்ந்தபோது காவிரி நிறையத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் பெருக்குக்கு விட்ட காதோலையும் கருகமணியும் ஒதுங்கிக் கிடந்தன. என் மனைவி ஒரு காதோலையை எடுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலேயே திரும்ப விட்டாள். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டார்:

"துணி வெளுத்துதுங்களா, மாப்பிள்ளை?"

"வெளுத்துதுங்க மாமா" என்றேன்.

இதை என் மனைவியிடம் சொல்ல எனக்கு நாற்பது ஆண்டுகள் ஆயின. ஒரு மத்தியானம் அவள் பின்கட்டில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். இப்போது சோப்புக்கட்டி, மில் துணி. ஆனாலும் கரித்துணி தனி. சொன்னேன். கையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப அந்த ஊர்க்கோடிக் கெணத்துத் தண்ணி?"

"அதுவும் நான்தான்."

"கரியில பல்லெ வெளக்கிட்டு, ஒண்ணும் தெரியாத புள்ளையாட்ட நின்னீங்களே!" சிரிக்கத் தொடங்கினாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். எனக்கு நாற்பது ஆண்டுப் பாரம் இறங்கினாற்போல நானும் சிரித்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் எழுந்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னங்க? எங்கப்பன் சாகற மட்டும், புள்ளைக்குத் தொவைக்கச் சொல்லிக் குடுக்கலேன்னு எங்கம்மாவத்தானுங்க திட்டிட்டிருந்தாரு."

துணியை ஓங்கி உதறிக் கொடியில் போட்டாள். ஓரத்தை இழுத்துச் சரிசெய்துவிட்டு உள்ளே போனாள். அது காயும் வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தொடவில்லை.