பெருக்காத வாசல்

ஸ்ரீரங்கத்தில் நான் இப்போது இருக்கும் அடுக்குமாடி வீட்டின் பால்கனி மூலையில் ஒரு தென்னந்துடைப்பம் சாய்ந்து நிற்கிறது. அதற்கு இங்கே வேலையே இல்லை. மூன்றாவது மாடியில் எந்த இலை வந்து விழப்போகிறது? கைலாசபுரத்துத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது பாதிச் சாமான்களை அக்கம்பக்கத்தில் கொடுத்தவள், பழக்க தோஷத்தில் இதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். மார்கழி பிறந்துவிட்டால் அதைப் பார்க்கவே எனக்குப் பிடிப்பதில்லை.

என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் வெல்டர். எங்கள் வரிசையில் எல்லோரும் முருங்கை, வாழை, கறிவேப்பிலை என்று சமையலுக்கு ஆகிறதாகப் பார்த்து வைத்தார்கள். இவர் ஒருவர்தான் மார்கழிக்கென்றே தோட்டம் போட்டார். "சித்திரையில எதுதான் பூக்காது? பனியில எது அழகா நிக்குதுன்னு பார்க்கணும்" என்பார். அதை மார்கழியிலேயே போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்பது அவர் கட்சி. ஷிப்ட் முடிந்ததும் சைக்கிளில் தெருத்தெருவாகச் சுற்றி, யார் வீட்டு வேலியில் எது கண்ணைப் பறிக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். அடுத்த ஐப்பசி மழைக்கு அந்த வீட்டுக் கதவைத் தட்டி ஒரு குச்சி கேட்பார். ஈரப் பஞ்சில் சுற்றி டிபன் கேரியருக்குள் வைத்துக் கொண்டுவருவார். சோறு போட்டு அனுப்பின பாத்திரத்தில் டிசம்பர் பூச்செடி வந்து இறங்கும்போது நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

வாசலுக்குக் கிழக்கே வாதா மரம், நாட்டு வாதுமை. மார்கழிக் கடைசியில் அதன் இலைகள் சிவக்கும். காலை வெயில் அவற்றின் பின்னாலிருந்து வரவேண்டும் என்றே அந்த இடம். அதன் அடியில் ஊதா டிசம்பர் பூ. கேட்டுக்கு மேலே மரமல்லி, ராத்திரியெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூ உதிர்க்கும். ஓரமாக ஒரு கொய்யா. காய்க்காக இல்லையாம், பட்டை உரிந்த மரம் பனி ஈரத்தில் பளபளக்குமாம்! "காய்க்கு இல்லாம கொய்யா வைக்கிற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றேன். "காயை நீ தின்னுக்க, மரத்தை எனக்கு விட்டுடு" என்றார்.

இத்தனையும் எதற்கு? நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்குக் கேட்டைத் திறக்கிற அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். ஆனால் நான் ஐந்து மணிக்கே எழுந்து, உதிர்ந்ததை ஒன்று விடாமல் கூட்டித் தள்ளி, தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுவிடுவேன். மார்கழியில் வாசல் குப்பையாகக் கிடந்தால் எதிர்வீட்டு அக்கா சும்மா விடுவாரா? இவர் வந்து "கோலம் நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அதை மிதிக்காமல் ஓரமாகச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். இப்படியே எங்களுக்கு வருஷங்கள் ஓடின.

ரிட்டயராகும் வருஷம், கடைசி நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும்போதுதான் வாய்விட்டுக் கேட்டார். "நாளைக்கு ஒரு நாள் பெருக்காத, என்ன? சிவப்பும் வெள்ளையுமா கிடக்கறதை ஒரு தடவை பார்த்துக்கறேன்."

"சரிங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

விடிகாலையில் கை தானாகப் போய்த் துடைப்பத்தை எடுத்திருக்கிறது, பாவி கை. முக்கால் வாசல் கூட்டின பிறகுதான் எனக்கு உறைத்தது. பதறிப்போய்க் கூடையிலிருந்து இலையையும் பூவையும் அள்ளி அள்ளி இறைத்தேன். உதிர்ந்த இலைக்கும் கொட்டின இலைக்கும் அவருக்கா வித்தியாசம் தெரியாது? கேட்டைத் திறந்தவர் வாசலைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். "பழகின கை, அது என்ன பண்ணும்?" என்றார். திட்டியிருக்கலாம். ஸ்ரீரங்கம் வந்த பிறகு, அடுத்த மார்கழி பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த மார்கழியில் மனசு கேட்கவில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்துக் கைலாசபுரம் போனேன். நாங்கள் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. குடிவந்தவர்களும் காலி செய்துவிட்டார்கள் போலிருக்கிறது. கேட்டுக் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். வாதா இலைகளுக்குப் பின்னாலிருந்து வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. கொய்யா மரம் ஈரத்தில் மினுங்கியது. வாசல் முழுக்கச் சிவப்பும் வெள்ளையும், ஒரு கையும் படாமல். அவர் கேட்டது அப்படியே கிடந்தது, பார்க்கத்தான் அவர் இல்லை. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

என் காலடியில் ஒரு சிவப்பு இலை வந்து விழுந்தது. கை துடைப்பத்தைத் தேடியது. நல்லவேளை, அது ஸ்ரீரங்கத்துப் பால்கனியில் இருக்கிறது.

"ஏங்க, வந்து பாருங்க" என்றேன். "இன்னிக்குப் பெருக்கல."