மூன்று கோடுகளுக்குக் கீழே எழுதியிருந்தது

ஆபீசில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: கமா போலீஸ். வைத்தவன் நாசமாய்ப் போக, ஆனால் பொய்யில்லை. எங்கள் கம்பெனி சிப் செய்கிறது. அந்தச் சிப்பின் எந்தக் கால், அதாவது பின், என்ன வேலைக்கு என்று ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலுக்குச் சொல்லும் ஆவணம் ஒன்று உண்டு. வெளியே போகுமுன் அதைச் சரிபார்ப்பது நான்தான். பட்டியல் அகரவரிசையில் இல்லையா, வரிக் கடைசியில் ஓர் இடைவெளி கூடிவிட்டதா, திருப்பி அனுப்பிவிடுவேன். ஒருமுறை வெளியே போய்விட்டால் அதை நம்பி ஊரெல்லாம் போர்டு செய்துவிடுவார்கள், அப்புறம் லேசில் மாற்ற முடியாது.

அந்த ஆவணத்தை எழுதியவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீடு மலேசியாவில், ஜொகூரில். தினமும் விடியுமுன் கிளம்பி உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வருவாள். அவள் அனுப்பியதை நான்கு முறை திருப்பினேன். நான்கு முறையும் வெறும் கமா, இடைவெளி, வரிசை. ஐந்தாவதில் எனக்கே அலுத்துப்போய், சரிபார்த்ததாக என் பெயரைப் போட்டுவிட்டேன். சிப்பின் வரைபடத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேனா? சத்தியமாக இல்லை.

சில மாதம் கழித்து வாடிக்கையாளர் ஒருவரின் போர்டுகள் வேலை செய்யவில்லை. ஆவணத்தில் இரண்டு கால்களின் எண்கள் இடம் மாறியிருந்தன. மீட்டிங்கில் மேலதிகாரி எப்படி நடந்தது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். "பின் நம்பர் டேபிள் அவங்க போட்டதுலா," என்றேன் நான். அவள் லேப்டாப்பை மூடினாள்.

எதற்கும் இருக்கட்டும் என்று மேசைக்குத் திரும்பி அவள் பழைய மெயில்களைத் திறந்தேன். எங்கள் வேலையில் ஒரு வழக்கம். விளக்கம் முடிந்ததும் மூன்று சின்னக் கோடு போட்டு, அதற்குக் கீழே சரிபார்ப்பவருக்கு மட்டும் ஏதாவது எழுதலாம். ஆவணம் கெர்னலில் சேர்ந்ததும் அந்தப் பகுதி காணாமல் போய்விடும். அங்கே எழுதியிருந்தாள்: இந்த இரண்டு கால் எண்களில் எனக்குச் சந்தேகம், வரைபடத்தோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஐந்து மெயிலிலும் அதே வரி. அந்த வரிக்கு மேலேயும் கீழேயும் நான் கமா திருத்தியிருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. பயம்தான், வேறென்ன? ஐம்பதைத் தொடப்போகிற எனக்கு இனி யார் வேலை தருவார்கள்? அடுத்த மாதம் அவளை நிறுத்திவிட்டார்கள். இங்கே வேலை செய்யும் பெர்மிட்டும் போய்விட்டது.

போவதற்கு முன் தேக்கா மார்க்கெட்டில் டீ குடிக்கக் கூப்பிட்டாள். கூட்டத்தில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே குடித்தோம்.

"மீட்டிங்ல ஏன் நீ சொல்லல?" என்று கேட்டேன், என்னவோ அவள்மேல்தான் தப்பு என்பதுபோல.

"நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன்க்கா."

டீயை ஊதினேன். அவளே தொடர்ந்தாள். இங்கேயே வேறொரு கம்பெனியில் இண்டர்வியூ முடிந்துவிட்டதாம். என்னிடம் விசாரிப்பார்களாம். "என் மெயில் எல்லாம் மூடிட்டாங்க. உங்ககிட்டதான் இருக்கு. நான் முன்னாடியே கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

"கண்டிப்பா சொல்றேன்லா," என்றேன். அப்போது மனதார அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, சுவா சூ காங் ஸ்டேஷனில் இறங்கும்போது அந்தக் கம்பெனிப் பெண்மணி போனில் கூப்பிட்டார். நல்ல உழைப்பாளி, நேரம் தவறமாட்டாள் என்று அடுக்கினேன். கடைசியில் கேட்டார், "அந்தத் தவறு அவங்களோடதுதானா? சரிபார்த்தவங்க யாரும் கவனிக்கலையா?"

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லைங்க," என்றேன். அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

சாயங்காலம் அவளிடமிருந்து செய்தி வந்தது. "கூப்பிட்டாங்களாக்கா? சொன்னீங்களா?"

"சொல்லிட்டேன்" என்று பதில் போட்டேன். அனுப்புமுன், புள்ளி வைத்திருக்கிறேனா என்று ஒருமுறை சரிபார்த்தேன்.