எடை பார்த்து வாங்கிய பெட்டி

கல்கத்தாவில் கரண்ட் போனால் ஜனங்கள் பால்கனிக்கு வந்துவிடுவார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் பேசிச் சிரிப்பார்கள், ஏதோ விருந்துக்கு வந்த மாதிரி. நம் ஊரில் கரண்டைத் திட்டிப் பழகிய எனக்கு இது இன்னும் பிடிபடவில்லை. டாக்குரியாவில் இருக்கும் எங்கள் வீட்டில் நான் மட்டும் உள்ளே ஓடி, கம்ப்யூட்டர் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நிற்பேன்.

நான் ஏழாவதோடு நின்றவன். ஹவுராவில் லேத் பட்டறையைக் கூட்டிப் பெருக்க வந்து, மூன்று லேத்துக்குச் சொந்தக்காரன் ஆனேன். எந்த மெஷின் மேலும் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்துப் பிடியைக் காதில் அழுத்தினால் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். அந்தத் திமிரில்தான் தமிழ்ச் சங்க விழாவுக்கு நாற்பது வீட்டு ஆல்பங்களை வாங்கி, என் வீட்டு ஆல்பத்தையும் சேர்த்து, ஆள் வைத்து ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினேன். திருப்பிக் கொடுப்பதற்குள் மழை. கீழ் அறையில் முழங்காலளவு தண்ணீர், ஆல்பங்கள் கூழாகிவிட்டன. "பயப்படாதீங்க, எல்லாம் எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன்.

சில மாதம் கழித்து, படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்கில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக் கேட்டேன். டக், டக். பேரிங் போகப்போகிற லேத் இப்படித்தான் தட்டும்.

படங்களுக்கென்றே தனிப் பெட்டி வேண்டும் என்று சாந்தினி மார்க்கெட்டுக்குப் போனேன். கடைக்காரப் பையன் இரண்டு காட்டினான். ஒன்று, ஆபீசில் கழித்துப்போட்ட பழைய சர்வர். மற்றது விசிறிகூட இல்லாத சின்னப் பெட்டி. குண்டு பல்பைவிடக் குறைவாகக் கரண்ட் குடிக்கும் என்றான். இரண்டையும் தூக்கிப் பார்த்தேன்.

"காக்கு, கீ கர்ச்சேன்? என்ன பண்றீங்க, இது என்ன மீனா, எடை பார்க்க?" என்று வங்காளியில் சிரித்தான்.

கனமான லேத்துதான் அதிராது. முப்பது வருஷமாக அப்படித்தான் வாங்கினேன். சர்வரைத் தூக்கிவந்தேன்.

சர்வரில் போட்ட புது டிஸ்குக்குப் படங்கள் பாதி ஏறும்போது கரண்ட் போனது. பழைய இன்வெர்ட்டர் அந்தப் பெட்டியைத் தாங்காமல் கொஞ்ச நேரத்தில் கத்தி அணைந்தது. பால்கனிகளில் சிரிப்பு. கரண்ட் வந்து பார்த்தால் புது டிஸ்கில் எதுவும் திறக்கவில்லை. பழையதில் தட்டல் அதிகமாகியிருந்தது.

"நாப்பது வீட்டுக்கும் என்ன சொல்லப்போறீங்க?" என்றாள் என் மனைவி.

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்கதான் அணைஞ்ச பெட்டிமேல ஸ்க்ரூடிரைவரை வெச்சுக் கேட்டுட்டிருக்கீங்க."

மறுநாள் அந்தச் சின்னப் பெட்டியை வாங்கிவந்தேன். அதில் படங்கள் ஏறும்போது இருமுறை கரண்ட் போயும் இன்வெர்ட்டர் அசையவில்லை. ஸ்கேன் செய்த ஆளிடம் ஊரார் வீட்டுப் படங்களை முதலில் ஏற்றச் சொல்லியிருந்தேன். கொடுத்த வாக்கு அது. நாற்பதும் ஏறின. நாற்பத்தொன்றாவதாக என் வீட்டுப் படங்கள் ஏறத் தொடங்கின. தட்டல் நின்றது. பழைய டிஸ்க் பிறகு சுழலவே இல்லை. அப்பாவின் ஒரே படம், நான் கல்கத்தாவுக்கு ரயில் ஏறிய அன்று எடுத்தது, அதில்தான் இருந்தது.

இப்போது அந்தப் பெட்டியில் நான் ஒரே இடத்தில் இருக்கிறேன். ஏரிக்கரையில் பொங்கல் வைத்த இன்னொரு குடும்பத்தின் படத்தில், ஓரமாக, கல்கத்தா வந்த மறுவருஷம். அதைப் பார்க்கிறவர்களுக்கு நான் ஹவுரா ஸ்டேஷனில் இறங்கிய பிறகுதான் பிறந்தவன் மாதிரி. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். மூக்கு வருகிறது, மீசை வருகிறது. கண் சரியாக வரவில்லை.