சுண்ணாம்புக் கோட்டைத் தொட்ட கை

நனைந்த ஹெல்மெட்டை மோந்து பார்த்திருக்கிறீர்களா? பார்க்காதீர்கள்.

போன வாரம் படூரில் மகளை டியூஷனுக்கு விட்டுவிட்டு, அந்த அடுக்ககத்தின் வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். வண்டியை உள்ளே விட மாட்டேன் என்றான் வாட்ச்மேன். வெளியாள் வண்டிக்கு இடமில்லையாம். இவ்வளவு உயரத்துக்கு நாலு கட்டடம் கட்டத் தெரிகிறது, ஒரு பைக் நிறுத்த இடம் விடத் தெரியவில்லை. நன்றாகக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். கையிலிருந்த ஹெல்மெட்டின் உள் பஞ்சிலிருந்து அந்த நாற்றம் வந்தது. ஊறிய பஞ்சு, வேர்வை, தேங்காய் எண்ணெய். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

இந்த நாற்றம் எனக்குப் பழக்கம். இதே இடத்தில், கட்டடங்கள் முளைப்பதற்கு முன்னால், இதைவிடக் கேவலமான ஹெல்மெட்டுகளை மாட்டிக்கொண்டு நாங்கள் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடினோம். சிரிக்காதீர்கள். நிஜம்தான். ஹெல்மெட் ஆளுக்கொன்று கிடையாது. உள்ளே போகிறவன் வெளியே வருகிறவனின் தலையிலிருந்து கழற்றி மாட்டிக்கொள்வான். ஒருவன் தலையில் மூலிகைத் தைலம், ஒருவன் தலையில் நல்லெண்ணெய், கோவளத்திலிருந்து வருகிறவன் தலையில் கருவாட்டு வாசம். எல்லாம் நம் மூக்குக்குத்தான்.

அப்போது நான் ரோட்டு மேலிருந்த ஒரு ஆபீசுக்கு கேப் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மேனேஜர். சில வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு, மட்டை உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தோடு திரும்பி வந்தார். ஆபீசுக்கு ஒரு டீம் வேண்டும் என்றார். முதல் வாரம் கம்ப்யூட்டர் பிள்ளைகள் ஆசையாக வந்தார்கள். இரண்டாம் வாரம் பாதிப் பேருக்குச் சுளுக்கு, மீதிப் பேருக்கு மீட்டிங். மிச்சமிருந்தது டிரைவர்கள், கேன்டீன் ஆட்கள், செக்யூரிட்டி. அதாவது கழுத்தில் ஆரஞ்சு நாடா போட்டவர்கள்.

நாடா என்றால் அடையாள அட்டை தொங்கும் கயிறு. நிரந்தர வேலைக்காரனுக்கு நீலம், காண்ட்ராக்ட் ஆளுக்கு ஆரஞ்சு. நீலம் ஏசியில் உட்கார்ந்து சாப்பிடும். ஆரஞ்சு ஜெனரேட்டர் பக்கத்தில் நின்று சாப்பிடும். எவன் கண்டுபிடித்தானோ, அவன் வாயில் மண் விழ. மாட்டுக்குக்கூட நாம் மாட்டுப் பொங்கலன்றுதான் கொம்பில் வர்ணம் அடிக்கிறோம்.

என் உடம்பைப் பார்த்த மேனேஜர் என்னை முன்வரிசையில் நிறுத்தினார். எதிரே நிற்பவனைத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்த டீமில் இருந்த காலம் முழுக்க நான் பந்தைத் தொட்டதே இல்லை. அது கனமா, லேசா என்று இன்றைக்குக் கேட்டாலும் எனக்குத் தெரியாது.

பந்தை வாங்கிக்கொண்டு ஓடியவன் ஏழுமலை. செய்யூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் வேர்க்கடலைப் பயிர் போடுவார்கள். என்னோடு கேப் ஓட்டினான். ஊரில் கபடி ஆடியவன். நாலு பேர் மடக்கினாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடுவான். மேனேஜர் அவன் தோளில் கை போட்டு, எல்லார் முன்னாலும் சொன்னார். கப் வந்தால் உனக்கு நீல நாடா.

அன்று கடற்கரை ரோட்டு டீக்கடையில் ஏழுமலை டீயைக் கையில் ஆறவிட்டுக்கொண்டே சொன்னான்.

"பொண்ணு வூட்டுல இன்னா சொல்றாங்க தெரியுமா மச்சான்? காண்ட்ராக்ட்டுக்காரனுக்குப் பொண்ணு கெடயாதாம். மஞ்ச கயிறு அப்புறம் கட்டிக்கலாம், மொதல்ல நீல கயிறு மாட்டிகினு வான்னு சொல்லிட்டாரு."

"யாரு, மாமனாரா?"

"இன்னும் ஆவல. ஆவுறதுக்குத்தான் ஓடிகினுகீறேன்."

இறுதி ஆட்டம் பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. வெயிலுக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் ஆரம்பித்தார்கள். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு எதுவும் சத்தமாக நினைவுக்கு வருவதில்லை. உப்பளத்துப் பக்கமிருந்து பனி வந்து மைதானத்தில் படுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே யாருக்கும் கால் இல்லை. மிதந்து மிதந்து போனோம். மைதானத்து ஓரத்தில் ஒற்றைப் பனைமரம். அதற்கு நேராகக் கடைசிக் கோட்டைச் சுண்ணாம்புத் தூளில் போட்டிருந்தோம். பந்தோடு அந்தக் கோட்டுக்குப் போய்விட்டால் ஆறு புள்ளி. விளையாட்டே அவ்வளவுதான், மற்றதெல்லாம் தள்ளுமுள்ளு.

எதிரே சென்னையிலிருந்து வந்த ஒரு காலேஜ் டீம். தலைக்கு ஒரு ஹெல்மெட், வாசனையான பையன்கள். எங்கள் பக்கம் செய்யூரிலிருந்து ஒரு டெம்போ நிறைய ஜனம். நடுவில் வெள்ளைத் துண்டு போட்டுக்கொண்டு பெண்ணின் அப்பா. மாப்பிள்ளையைச் சோதிக்க வந்தவர். அந்தக் காலத்துக் கபடிக்காரர். மேனேஜர் அவருக்கு நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை.

ஆட்டம் முடியப் போகிறது. அவர்கள் நாலு புள்ளி முன்னால். எங்களுக்குக் கடைசி வாய்ப்பு, கோடு கிட்டத்தில்தான் இருந்தது. பந்து ஏழுமலை கைக்குப் போனது. நான் எனக்கு எதிரே இருந்தவனைத் தள்ளினேன். அவன் விழுந்தான், நானும் அவன் மேலேயே விழுந்தேன். ஆகவே அதற்கப்புறம் நடந்ததை நான் படுத்துக்கொண்டுதான் பார்த்தேன்.

பனிக்குள்ளே ஏழுமலையின் கால்கள் என்னைத் தாண்டிப் போயின. ஹெல்மெட்டுக்குள் அவன் முணுமுணுப்பது கேட்டது. கபடி கபடி கபடி. சத்தியமாகச் சொல்கிறேன், பாடிக்கொண்டே ஓடினான். கோட்டுக்கு முன்னால் ஒருவன் இடுப்பைப் பிடித்தான், ஒருவன் காலைப் பிடித்தான். முழங்கால் தரையில் பட்டது. விசில் ஊதியது.

அந்த விளையாட்டில் முழங்கால் பட்டால் செத்தாய். பந்து அங்கேயே நின்றுவிடும். மேனேஜர் இதைப் பயிற்சியில் எத்தனையோ தடவை சொல்லியிருந்தார். ஆனால் எங்கள் ஊர்க் கபடியில் விழுந்தவன் செத்தவன் இல்லை. மூச்சு இருக்கிறவரை உயிர், கை கோட்டைத் தொட்டால் வெற்றி. ஏழுமலையின் உடம்புக்கு அதுதான் தெரியும். முதுகில் இரண்டு பேரைச் சுமந்துகொண்டு, பந்தை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, பல்லி மாதிரி இழுத்து இழுத்துப் போனான். விசில் ஊதிக்கொண்டே இருந்தது. அவன் பாடிக்கொண்டே இருந்தான். கையை நீட்டினான். சுண்ணாம்பைத் தொட்டான்.

டெம்போ ஜனம் முழுக்க உள்ளே இறங்கிவிட்டது.

ரெஃபரி இரண்டு கையையும் ஆட்டி இல்லை, இல்லை என்றார். பெண்ணின் அப்பா நேராக அவரிடம் போனார்.

"இன்னாய்யா இல்ல? கை தொட்டாச்சு, கண்ணு அவிஞ்சிபோச்சா உனுக்கு?"

"முட்டி பட்டுடுச்சு பெரியவரே. அதோட ஆட்டம் முடிஞ்சுது."

"முட்டி பட்டா முடிஞ்சிபோச்சா? இன்னா நாட்டு ஆட்டம்யா இது? உயிரோட கீறவன செத்துட்டான்றியே!"

காலேஜ் பையன்கள் கப்பைத் தூக்கினார்கள். எங்கள் ஜனம் அதைக் கவனிக்கவே இல்லை. ஏழுமலையைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியது. அவனுக்கு நிஜம் தெரியுமா, தெரியாதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெள்ளையான உள்ளங்கையை உயர்த்திப் பிடித்தபடி, பனிக்கு மேலே, எங்கேயோ பார்த்துக்கொண்டு போனான். என் தலையில் இன்னும் ஹெல்மெட். அதன் கம்பிக்குள்ளிருந்து பார்த்ததால்தானோ என்னவோ, எல்லாம் தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

மேனேஜர் வந்தார். இறக்கிவிடச் சொல்லி, ஏழுமலையின் கையைக் குலுக்கினார். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். குலுக்கிய கையில் ஒட்டிய சுண்ணாம்பைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். அவர் நினைத்திருந்தால் அங்கேயே கொடுத்திருக்கலாம். ஒரு முழம் நாடா. அந்த ஆள்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

பெண்ணின் அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாப்பா சொல்றாரு?"

"நீலம் கெடயாதுங்க," என்றான் ஏழுமலை.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கெடக்குது வுடு. ரெண்டு ஆளச் சொமந்துகினு கோட்டத் தொட்டவனுக்குக் குடுக்காம, வேற எவனுக்குக் குடுக்கப் போறேன் என் பொண்ண?"

வைகாசியில் கல்யாணம். மஞ்சள் கயிறுதான். ஆரஞ்சு நாடாவை அடுத்த மாசமே கழற்றிக் கொடுத்துவிட்டு, லாரி ஓட்ட வடக்கே போய்விட்டான். குடும்பமும் அங்கேதான். அடுத்த வருஷம் டீம் இல்லை. அதற்கடுத்து மேனேஜர் இல்லை. பிறகு ஆபீசே இடம் மாறிப் போய்விட்டது. ஹெல்மெட்டுகள் எந்த குடோனில் நாறுகின்றனவோ.

மழை விடவில்லை. ஏழுமலைக்குப் போன் போட்டேன். எடுத்தான்.

"எங்க மச்சான் கீற?"

"படூர்ல. நம்ம கிரவுண்டாண்ட."

"இன்னும் கீதா அது?"

நான் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிறவன். அதனால் கெட்டதுதான் அதிகம். நிமிர்ந்து பார்த்தேன். நாலு கட்டடம், பால்கனி பால்கனியாக நனைகிற துணி, பனை இருந்த இடத்தில் டிரான்ஸ்ஃபார்மர்.

"கீதுடா," என்றேன்.

"பனை?"

"பனையும் கீது."

லாரி ஹார்னை ஒரு தடவை அடித்துவிட்டுக் கேட்டான்.

"கோடு?"

"அது மட்டும் மழையில அழிஞ்சிபோச்சு மச்சான்."